கானாடுகாத்தானில் இரண்டு இரவு: எங்கே தங்கலாம்?

கேள்வி: வயதான அப்பா அம்மாவோடு செட்டிநாட்டு வீட்டில் தங்க ஆசை. எது வசதி? சென்னையிலிருந்து ரயிலில் வருகிறோம்.

பதில் 1: ஊருக்குள்ளேயே என்றால் விசாலம், செட்டிநாடு மேன்ஷன். விசாலத்தில் நீச்சல் குளம் உண்டு, வாடகை அதிகம். பழமையின் மணம் வேண்டுமென்றால் மேன்ஷன்தான். எங்கே எடுத்தாலும் தரைத்தள அறையா என்று முதலில் கேளுங்கள்; இந்த வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், வாசற்படிகளும் உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்.

பதில் 2: செட்டிநாடு ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தாலும் எல்லா ரயிலும் நிற்காது. காரைக்குடியில் இறங்கி கார் பிடியுங்கள், சுமார் 15 கி.மீ. திரும்பும் வண்டியையும் அப்போதே பேசிவிடுங்கள், இரவில் ஆட்டோ கிடைப்பது அரிது.

பதில் 3: சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். ஊரில் ஹோட்டல்கள் குறைவு. தங்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், வெயில் கொளுத்தும். டிசம்பர், ஜனவரி நல்லது, ஆனால் வெளிநாட்டுக் குழுக்கள் மொத்தமாக அறை பிடிப்பார்கள். வார நாளில் வாருங்கள்.

கேட்டவர்: டைல்ஸ் செய்யும் ஆத்தங்குடிக்குப் போக நேரம் இருக்குமா?

பதில் 2: தாராளமாக, அரை நாள் போதும். டைல்ஸ் பட்டறைக்குக் காலையிலேயே போங்கள், வண்ணக் கலவையைக் கையால் ஊற்றும் வேலையைப் பார்க்கலாம்.