பொருள்: பாலத்துக்கடி 'கிளியரன்ஸ்' – லாரிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

நாமக்கல்லிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

லாரி ஓட்டுநர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வழிகாட்டிச் செயலிகளில் எது லாரிக்கு உதவும் என்ற ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு தலைப்பு மட்டும் நிற்கிறது. ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டி தட்டாமல் போகக் கிடைக்கும் உயரம். ஓட்டுநர்கள் 'கிளியரன்ஸ்' என்கிறார்கள். அதே சொல் துறைமுகத்தில் சுங்க அனுமதிக்கும் ஓடுகிறது. கையேட்டில் இரண்டும் வருவதால் குழப்பம்.

அட்டவணையின் சாரம் இது. கூகுள் மேப்ஸில் நெரிசல் நிலவரம் நன்றாக வருகிறது. வண்டியின் உயரம், எடை கொடுக்க இடமே இல்லை. கார், இருசக்கரம் என்ற தேர்வில் லாரிக்காரர் காரைத்தான் பிடித்தாகவேண்டும். 2024இல் கோவை, சென்னை உட்பட 8 நகரங்களுக்கு வந்த குறுகிய சாலை வசதியும் காருக்காகச் செய்தது. மேப்பிள்ஸில் சந்திப்புகளைப் படமாகக் காட்டுவது, வேகத்தடை எச்சரிக்கை இரண்டும் நல்ல உதவி. சிஜிக்கின் லாரிப் பதிப்பு தனி, சந்தா கட்டவேண்டும். உயரம், எடை, ஆபத்தான சரக்கு எல்லாம் கேட்கும். ஓஎஸ்எம்ஆண்ட் இணையம் இல்லாமல் ஓடும். டிரக் புரொஃபைலை இயக்கி, வழியமைப்பில் வண்டி அளவுகளுக்குள் போய் உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் கொடுக்கலாம். நெரிசல் நிலவரம் அதில் கிடையாது.

சொல் சிறியதாக இருக்கவேண்டும். இதையே ஓஎஸ்எம்ஆண்டின் தமிழாக்கத்திலும் ஏற்ற எண்ணம். பொத்தானில் இரண்டு சொல்லுக்கு மேல் நிற்காது.

ஈரோட்டிலிருந்து:

கிளியரன்ஸே இருக்கட்டுமுங்க. டயர், ஆக்சில், ஸ்டெப்னி எல்லாம் இருக்கிற வாயில் இது மட்டும் என்ன பாவம் செய்தது? ஹைட் கேஜில் (பாலத்துக்கு முன்னால் உயரத்தைத் தடுக்கிற குறுக்குக் கம்பிச் சட்டம்) கம்பி தெறித்த பிறகு நிகண்டு புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது.

தஞ்சாவூரிலிருந்து:

ஈரோட்டாரின் கோபம் புரிகிறது. ஆனால் தமிழுக்கு இந்தக் கருத்து புதிதல்லவே. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலைச் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: "வென்றெழு கொடியொடு வேழஞ் சென்றுபுகக் குன்றுகுயின் றன்ன ஓங்குநிலை வாயில்". யானை மட்டும் புகுந்தால் போதாது, அதன் மேல் எடுத்த கொடியும் தட்டாமல் புகவேண்டும். வண்டியின் உயரம் வேறு, சுமையோடு சேர்ந்த உயரம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளர் சொன்னார்?

நிலை என்ற சொல் கதவுநிலையாக இன்றும் தச்சர் வாயில் வாழ்கிறது. ஆகவே 'புகுநிலை'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கோவையிலிருந்து:

ஐயா, யானைக்கொடி பிரமாதம். ஆனால் 'புகுநிலை 3.8' என்று திரையில் வந்தால், நுழைகிற கட்டம் என்றோ நிலவரம் என்றோ படிப்பார்கள். 'நிலை' இன்று ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது, மீட்பது கடினம்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே சொல்லில் மூன்று எண்ணை அடைக்கப் பார்க்கிறோம். பலகையில் எழுதியிருப்பது ஒன்று. சாலைத் தளத்திலிருந்து உத்தரத்தின் அடிவிளிம்பு வரை டேப் பிடித்தால் வருவது இன்னொன்று. அதில் வண்டியின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது மூன்றாவது. ஓட்டுநர் 'கிளியரன்ஸ் இருக்குதா' என்று கேட்பது மூன்றாவதை. பலகை சொல்வது முதலாவதை. ஓஎஸ்எம்ஆண்ட் எடுத்துக்கொள்ளும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முதல் இரண்டுக்கும் தனித்தனிக் குறி (டேக்) உண்டு: பலகைக்கு மேக்ஸ்ஹைட், அளந்ததற்கு மேக்ஸ்ஹைட்-பிசிக்கல். மூன்றாவது வரைபடத்தில் இருக்கவே முடியாது, வண்டிக்கு வண்டி மாறும்.

முதலாவதும் இரண்டாவதும் ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தளம் போட்டால் சாலை ஏறும், பாலம் அங்கேயே நிற்கும், பலகையை யாரும் தொடமாட்டார்கள்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: குறி இல்லாத பாலத்தைத் தடையில்லாத பாலமாகத்தான் செயலி எடுத்துக்கொள்ளும். வண்டி உயரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டதால் பாதுகாப்பு வந்துவிடாது. அடுத்த கோளாறு அலகு. வெறும் 12 என்று குறித்தால் 12 மீட்டர் என்றே பொருள். 12 அடியை மனத்தில் வைத்து யாராவது அப்படி ஏற்றிவிட்டால், 3.66 மீட்டர் பாலத்துக்கடியில் எந்த லாரியும் போகலாம் என்று ஆகிவிடும். இன்னொன்று, குறியை அடியில் போகும் சாலையில் போடவேண்டும். பாலத்தின் மேல் போட்டுவிட்டால் மேலே போகவேண்டிய லாரியைச் செயலி சுற்றவிடும், கீழே போகக்கூடாத லாரியை அனுப்பிவைக்கும்.

ஈரோட்டிலிருந்து:

கோவைத் தம்பி வரைபடப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், வண்டிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஆர்சி புத்தகத்து உயரத்தைச் செயலியில் போடக்கூடாது. பாரம் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கிய பிறகு தரையிலிருந்து மேல்முடிச்சு வரை அளந்த உயரம்தான் கணக்கு. காலியாகத் திரும்பினால் அது வேறு கணக்கு: காலி வண்டியில் பட்டை (ஸ்பிரிங்) நிமிர்ந்து பாடி மேலே எழும். பாரத்தோடு நூல் பிடித்த மாதிரி போன பாலத்தில் காலியாகத் திரும்பும்போது தட்டுவது அதனால்தான். பள்ளமான சப்வேயில் நீள டிரெய்லர் இன்னும் மோசம்: முன்சக்கரம் அந்தப்பக்க ஏற்றத்திலும் பின்சக்கரம் இந்தப்பக்கச் சரிவிலும் நிற்கும், நடுப்பாடி பள்ளத்தின் மேல் அந்தரத்தில் இருக்கும். பலகையிலுள்ள உயரம் அந்த இடத்தில் கிடைக்காது. சிக்கிக்கொண்டால் முறுக்கக்கூடாது, டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஆள் நிறுத்திப் பின்னால் எடுக்கவேண்டும்.

ஓட்டுநர் வாயில் இருப்பது இரண்டே சொல்: தட்டும், தட்டாது. அப்படியானால் 'தட்டா உயரம்' என்று வையுங்கள். சின்னப் பையனுக்கும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

> 'தட்டா உயரம்' என்று வையுங்கள்

ஈரோட்டார் தம்மை அறியாமலே இலக்கணத்துக்குள் வந்துவிட்டார்! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடா மலர், பொய்யா மொழி வரிசை. ஆனால் உயிர்முதல் வருவதால் உடம்படுமெய் பெற்றுத் 'தட்டாவுயரம்' என்றே எழுதவேண்டும்.

ஸ்டெப்னி பற்றி நேற்று வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். புறநானூற்றில் (102) உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய 'சேம அச்சு' வருகிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்ற எடுத்துப்போகும் உபரி. சேமச்சக்கரம் என்று நாம் ஏன் சொல்லக்கூடாது? சேமம் வடசொல்லா என்ற கேள்விக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:

விரிவு வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வரை. குறளின் பீலிபெய் சாகாடும் வேண்டாம். அச்சுச்சுமைக்குச் சொல் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் பாரவூர்தி, சாரதி என்றே எழுதுவோம். கையேடு இங்கும் பயன்பட வேண்டுமென்றால் லாரி, ஓட்டுநர் இரண்டையும் ஒருதரம் விளக்கிவிடுங்கோ. 'தட்டாவுயரம்' கண்ணுக்குச் சரி, காதுக்குச் சரியில்லை. செயலி குரலில் சொல்லும்போது 'தட்டா' என்று நிறுத்தி, பிறகு 'உயரம்' என்று வந்தால், திரையைத் தொடவா வேண்டாமா என்று சாரதி யோசிப்பார். 'தலைவெளி' என்று வைக்கலாம். தலைக்கு மேல் உள்ள வெளி.

நாமக்கல்லிலிருந்து:

தட்டுதல் சிக்கல் உண்மைதான். 'திரையைத் தட்டவும்' என்ற சொற்றொடர் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை என்பதைவிட, அதை இனி மாற்ற நேரமில்லை என்பதே செய்தி.

தலைவெளி, கோவையாரின் மூன்றாவது எண்ணுக்குக் கச்சிதமாக இருக்கிறது: வண்டியின் தலைக்கும் பாலத்துக்கும் நடுவில் மிஞ்சுவது. அட்டவணைக்கு வேண்டியது முதலாவது.

கோவையிலிருந்து:

அப்படியானால் பிரித்துக்கொள்வோம். பலகையில் உள்ளது 'நுழை உயரம்'. சுமையோடு அளந்தது 'வண்டி உயரம்'. மிஞ்சுவது 'தலைவெளி'. பாலத்தை டேப் பிடித்து அளந்ததற்குத் தனிச்சொல் வேண்டாம், 'அளந்த உயரம்' போதும்.

அடியாக மாற்றும்போது ஒரு விதி: பாலத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்கு, வண்டியை மேல்நோக்கி. 3.8 மீட்டர் பாலம் 12 அடி 5 அங்குலம், அதே 3.8 மீட்டர் வண்டி 12 அடி 6 அங்குலம். கணக்கு வாத்தியார் கோபப்படுவார், பாடி தப்பிக்கும்.

கம்பியின் முன் நின்றுவிட்டால் செய்யவேண்டியதையும் போடுங்கள். வெறுமனே திரும்பினால் செயலி மறுபடி அதே பாலத்துக்கே இழுக்கும். ஓஎஸ்எம்ஆண்டில் அந்தச் சாலையை அழுத்திப் பிடித்து, செயல்கள் பட்டியலில் சாலையைத் தவிர்ப்பதைத் தேர்ந்தால் அடுத்த வழி அதை விட்டுவிடும். பலகையைப் படமெடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தினால் எல்லாருக்கும் பயன். ஆனால் இலவசப் பதிப்பில் வரைபடம் மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கும். இன்று திருத்தினால் நாளைக்கே தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து:

'நுழை உயரம்' வினைத்தொகை. பிரித்தால் தொகை எங்கே? 'நுழையுயரம்' என்று சேர்க்கவேண்டும். உயரம் நுழைவதில்லை, வண்டிதான் நுழைகிறது என்ற குறையும் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

குடிநீரில் நீரா குடிக்கிறது? விடுங்க ஐயா.

சென்னையிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேரக் கட்டுப்பாட்டுக்கு அட்டவணையில் இடம் இருக்கிறதா? பந்திப்பூர் வழியாக மைசூரு போகிற சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நகரங்களில் நோ என்ட்ரி நேரம் வேறு. உயரம் சரியாக இருந்தும் வண்டி நிற்கும்.

நாமக்கல்லிலிருந்து:

நேரத்துக்குத் தனிப்பத்தி இருக்கிறது, சொல் 'நோ என்ட்ரி நேரம்' தான். அதை இங்கே திறக்கமாட்டேன்.

அச்சுக்குப் போனது: 'நுழை உயரம்', பிரித்தே. முதல் இடத்தில் மட்டும் அடியில் சிறிய எழுத்தில் 'கிளியரன்ஸ்'. 'வண்டி உயரம்', 'தலைவெளி' இரண்டும் படத்தோடு விளக்கப்பட்டுள்ளன. நான்கு பேர் ஒப்புதல், தஞ்சை ஐயா மறுப்பு. ஓஎஸ்எம்ஆண்ட் தமிழாக்கத்திலும் பரிந்துரையாக ஏற்றியாகிவிட்டது. மாற்றவேண்டுமானால் அங்கே கருத்திடலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

இட்டுவிட்டேன். 'நுழையுயரம்', யகரத்தோடு. சேமம் பற்றிய மடல் தனி இழையில் வருகிறது.