டர்க்கி (வான்கோழி) வாங்கப் போன இடத்தில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் உண்டா?

காவேரிக்கரை (நியூஜெர்சி)

தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழன் வரும் நன்றித் திருநாள்) இரண்டு நாள் முன்னால் நடந்தது, இன்னும் உறுத்துகிறது, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் தெரிந்த அதே சலுகைதான், கடை அட்டையில் 400 டாலருக்குச் சாமான் வாங்கியிருந்தால் உறைந்த டர்க்கி இலவசம், அவ்வளவு வாங்காதவர்களுக்குப் பவுண்டு (கிட்டத்தட்ட அரை கிலோ) 49 சென்ட், வீட்டுக்கு ஒன்றுதான். எங்களுக்கான இலவசம் முந்தின வாரமே வந்து ஃப்ரீசரில் கிடக்கிறது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு ஒன்று இருக்கட்டுமே, அப்புறம் இந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கணவர் பெயரில் இருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

ஃப்ரீசர் தொட்டியில் எல்லாமே 20 பவுண்டுக்கு மேல். ஓரத்தில் ஒரே ஒரு சின்னது, 11 பவுண்டு. எதிர்ப்பக்கம் ஒரு அம்மா நின்றார், மருத்துவமனை வேலை உடுப்பு, கையில் சின்னக் கூடை, அதில் டர்க்கிக்குள் அடைக்கும் ஸ்டஃபிங் ஒரு பாக்கெட்டும் கிரான்பெரி டப்பாவும். அவர் கை அந்தச் சின்ன டர்க்கியின் வலையைத் தொட்டுவிட்டது. நான் அந்த முனையில் இருந்து தூக்கிவிட்டேன். வேண்டுமென்று செய்தேனா என்றால், ஆமாம், அவர் கையைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். அவர் "ஹேப்பி தேங்க்ஸ்கிவிங்" என்று சொல்லிவிட்டு 22 பவுண்டு ஒன்றைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் காரை எடுத்து வெளியே வரும்போது அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார், கையில் ஒரே ஒரு பை. அப்போதுதான் புரிந்தது, 22 பவுண்டை பஸ்ஸில் எப்படித் தூக்கிக்கொண்டு போவார்.

அந்த டர்க்கி இன்னும் என் ஃப்ரீசரில்தான் இருக்கிறது.

ஏரிக்கரைக்காரன் (மினசோட்டா)

அக்கா, 49 சென்ட் என்று படித்ததும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே எங்கள் மாநிலம்தான் டர்க்கி வளர்ப்பில் முதல் இடம், சனிக்கிழமைச் சந்தையில் பண்ணைக்காரர்களே வந்து முன்பதிவு எழுதுவார்கள். மூன்று வருஷம் முன்னால் ஒரு பெரியவரிடம் விலை கேட்டேன், 15 பவுண்டுக்கு 70 டாலருக்கு மேல் சொன்னார். நான் யோசிக்காமல், சூப்பர் மார்க்கெட்டில் எட்டு டாலருக்குக் கிடைக்கிறதே என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எட்டு டாலருக்குத் தீனியே வராது, தம்பி" என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

2022 பறவைக் காய்ச்சலில் அவருடைய பண்ணை முழுவதும் போய்விட்டது. ஒரு பறவைக்கு நோய் என்று உறுதியானால் போதும், பண்ணையில் இருக்கும் அத்தனை பறவைகளையும் அழிக்க வேண்டும், அதுதான் சட்டம். அரசு நஷ்ட ஈடு தருகிறது, ஆனால் உயிரோடு இருந்து அழிக்கப்பட்டவற்றுக்கு மட்டும்தான். ஆட்கள் வருவதற்குள் தானாகச் செத்ததற்குக் காசு கிடையாது. அதனால் ராத்திரி முழுக்க அவரும் மகனும் டார்ச் அடித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இருந்தார்களாம். எண்ணிக்கொண்டே இருக்கும்போது குறைந்துகொண்டே வந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையில் இருந்த பதிவு நோட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

நான் வாங்கவில்லை. 70 டாலர் அன்றைக்கு என்னிடம் இல்லை, அது உண்மை. ஆனால் எட்டு டாலர் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னது இன்னும் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை (டெக்சஸ்)

மினசோட்டா தம்பி சொல்வது சரி, ஆனால் "டர்க்கி விலை ஏறிவிட்டது" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கன் ஃபார்ம் பியூரோ என்கிற விவசாயிகள் சங்கம் 1986 முதல் ஒவ்வொரு வருஷமும் 10 பேருக்கான தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கு விலை போட்டுப் பார்க்கிறது. 2022-இல் 64.05 டாலர். அப்புறம் 61.17, 58.08, 2025-இல் 55.18. மூன்று வருஷம் தொடர்ந்து குறைந்தது. 16 பவுண்டு டர்க்கி மட்டும் 2022-இல் 28.96, 2025-இல் 21.50. ஆனால் அதே 2025-இல் கடைக்காரர்கள் வாங்கும் மொத்த வியாபார விலை ஏறியது, நாட்டில் வளர்ந்த டர்க்கி எண்ணிக்கை 40 வருஷத்தில் இல்லாத அளவு குறைவு. அப்படியிருந்தும் கடையில் எப்படிக் குறைந்தது? கடைக்காரர்கள் கைக்காசைப் போட்டு விற்கிறார்கள், நம்மை உள்ளே இழுக்க. டர்க்கியில் விட்டதை வண்டியில் இருக்கும் மற்றதில் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 37 சதவீதம் ஏறியிருக்கிறது, நறுக்கிய காய்கறித் தட்டு 61 சதவீதம்.

நான் பார்த்தது இதுதான். பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். டர்க்கியை முதலில் வைத்தார், சலுகை விழுந்தது, சந்தோஷமாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற ஏற அவர் திரையையே பார்க்க ஆரம்பித்தார். முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கச் சொன்னார். முதலில் பை (pie) பலகாரம், அப்புறம் வெண்ணெய், அப்புறம் கிழங்கு. பின்னால் நின்ற நாங்கள் ஆறேழு பேரும் போனைப் பார்ப்பது போல் நின்றோம். என் கையில் 20 டாலர் நோட்டு இருந்தது. கொடுத்தால் அவருக்கு அவமானமாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

ஏரிக்கரைக்காரன் (மினசோட்டா)

சார், விலை ஏறிவிட்டது என்று நான் எழுதவே இல்லை. 49 சென்ட் வளர்த்தவரின் விலை இல்லை என்றுதான் எழுதினேன். நீங்கள் கொடுத்த கணக்கும் அதையேதானே சொல்கிறது.

செல்வியக்கா (ஸ்கார்பரோ)

எங்களுக்கு இது ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது, கனடாவில் ஒக்டோபர் இரண்டாவது திங்கள்தான் தேங்க்ஸ்கிவிங். இங்கே 49 சதம் கதையெல்லாம் நடவாது, வான்கோழி, கோழி, முட்டை, பால் எல்லாம் கோட்டா முறை, இவ்வளவுதான் வளர்க்கலாம் என்று கட்டு இருக்கிறது. அதனால் நான் எப்பவும் பண்டிகைக்கு அடுத்த நாள்தான் போவேன், பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

இந்த முறை ஒரு பொடியன் ஏழு கிலோ வான்கோழி ஒன்றைப் பிள்ளையைத் தூக்கின மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போனில் தமிழ் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, இது நாலு பேருக்கு எத்தனை நாள் வரும்?" என்று கேட்டான். திருச்சிப் பக்கமாம், படிக்க வந்தவன், பேஸ்மென்டில் நாலு பேர். நான் சந்தோஷமாக, மூன்று நாலு நாளைக்கு வரும் தம்பி, இப்படி மசாலா பூசு, ஓவனில் இவ்வளவு நேரம் வை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, குக்கரில் வைக்க முடியாதா?" என்றான். வீட்டுக்காரர் ஓவன் பாவிக்க விடமாட்டாராம், இரண்டு தட்டு மின்னடுப்பு மட்டும்தான். முழுசாக வைக்க ஏலாது தம்பி என்றேன். அவன் சரி அக்கா என்று சொல்லி அதை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு ஒரு பை கோழிக்கால் எடுத்துக்கொண்டு போனான்.

இறைச்சிப் பகுதியில் கேட்டிருந்தால் இறைச்சி அறுக்கிற வாளால் (ரம்பத்தால்) துண்டாக்கித் தந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சமைக்கிற நேரம்தான் ஞாபகம் வந்தது.

மதுரைமல்லி (கலிஃபோர்னியா)

நான் ஒரு வருஷம் 16 பவுண்டை மலிவாகக் கிடைத்தது என்று புதன்கிழமை சாயங்காலம் வாங்கிவந்து, கல்லாக இருக்கிறதே என்று குளியல் தொட்டியில் வெந்நீர் ஊற்றிப் போட்டேன். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே வெதுவெதுப்பு, நடுவில் பனிக்கட்டி, தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது, மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்.

அதனால் சொல்கிறேன், மலிவாக வாங்குவது பாதிதான், கெடாமல் பார்த்துக்கொள்வது மீதி. ஃப்ரிட்ஜில் உருக வைத்தால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள், அப்போது 16 பவுண்டுக்கு நாலு நாள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்துவிடுங்கள். அவசரமென்றால் உறையைப் பிரிக்காமல் பச்சைத் தண்ணீரில், பவுண்டுக்கு அரை மணி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. அப்புறம் நம் வீடுகளில் மஞ்சள் போட்டுக் கழுவுவோம், இங்கே அரசின் விவசாயத் துறை கழுவவே வேண்டாம் என்கிறது, தெறிக்கும் தண்ணீரில் கிருமி சமையல் மேடை முழுவதும் பரவிவிடும். காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு மஞ்சளை நேரே பூசிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பையில் ஈரலும் கழுத்தும் வைத்திருப்பார்கள், அதை எடுக்க மறக்காதீர்கள். தொடையிலும் மார்பிலும் தடித்த இடத்தில் 165 டிகிரி ஃபாரன்ஹீட் வர வேண்டும், நேரத்தை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். உறையில் "8 சதவீதம் வரை கரைசல்" என்று போட்டிருந்தால் அது உப்புத் தண்ணீர், மசாலாவில் உப்பைக் குறையுங்கள், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். 16 பவுண்டுக்குக் கீழே பெரும்பாலும் பெட்டை, மேலே சேவல், பெரியதில்தான் எலும்புக்குக் கறி அதிகம், ஃப்ரீசரில் இடம் இருந்தால் பெரியதையே எடுங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிட வேண்டும், எலும்பை மிளகு தட்டிப்போட்டு ரசம் வையுங்கள்.

செல்வியக்கா, ரம்பம் இல்லாவிட்டாலும் உருகிய பிறகு சமையல் கத்தரியால் முதுகெலும்பு ஓரமாகவும் மூட்டுகளிலும் வெட்டினால் துண்டு துண்டாக வந்துவிடும், குக்கரில் தாராளமாக வைக்கலாம், அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

கடலோரத்தான் (மிச்சிகன்)

மதுரைமல்லி அக்கா, இங்கே யாரும் சமையல் குறிப்புக் கேட்கவில்லையே. பெரியதை எடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், முதலில் எழுதியவர் சொன்ன அந்த அம்மா பஸ்ஸில் வந்தவர்.

என்னுடையது சின்ன விஷயம். நாங்கள் ஹலால் பார்த்து வாங்குகிறவர்கள், எங்களுக்கு இலவசமும் இல்லை, 49 சென்ட்டும் இல்லை. அக்டோபரிலேயே பெயர் கொடுத்து முன்பணம் கட்ட வேண்டும், பவுண்டு நாலு டாலருக்கு மேல். போன வருஷம் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, நம்ம ஆட்களே நம்மிடம் இப்படி அடிக்கிறீர்களே என்று கடைக்காரரிடம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கல்லாவுக்கு அடியில் இருந்து அறுப்புக்கூடத்து பில்லை எடுத்து என் முன்னால் விரித்தார். பவுண்டுக்கு 30 சென்ட் அவருக்கு நிற்கிறது, கடை வாடகை, மின்சாரம் எல்லாம் அதில்தான். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த வருஷம் வேறு கடைக்குப் போனேன், விலை காரணமில்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தென்றல்வீதி (வட கரோலினா)

நான் எங்கள் ஊர் உணவு வங்கியில் சனிக்கிழமைதோறும் பொருள் எடுத்துக் கொடுக்கிறேன். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு முடங்கியது, நவம்பர் மாத உணவு உதவிப் பணம் பலருக்கு நேரத்துக்கு வரவில்லை. வழக்கமாக வரும் கார் வரிசை அந்த வாரங்களில் தெருமுனையைத் தாண்டிவிட்டது. டர்க்கி கொடுக்கும் நாளில் காலை பத்தரைக்கே தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு முழுக் கோழி.

ஒரு காரின் பின் இருக்கையில் ஆறேழு வயதுக் குழந்தை. நான் கோழியை வைத்தபோது எட்டிப் பார்த்து, "அம்மா, இது குட்டி டர்க்கியா?" என்று கேட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே "ஆமாம்" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

காவேரிக்கரை, உங்கள் ஊரிலும் உணவு வங்கி இருக்கும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்களுக்குத் தேவை இருக்கும். உறை பிரிக்காமல், உறைந்தபடியே இருந்தால் வாங்கிக்கொள்வார்கள், முதலில் போன் செய்து கேளுங்கள்.

காவேரிக்கரை (நியூஜெர்சி)

கேட்டுவிட்டேன். நாளைக் காலை 9 மணிக்கு மேல் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு இது போகாது, தெரியும். அந்த பஸ் நிறுத்தம் வழியாகத்தான் போக வேண்டும், இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன், அவர் தென்படவில்லை.

டெக்சஸ் சார், அந்தப் பெரியவர் கடைசியில் எதை எடுத்துக்கொண்டு போனார்?

கணக்குப்பிள்ளை (டெக்சஸ்)

டர்க்கியும் ஒரு டப்பா பீன்ஸும்.