டோலிபுருட்டினிப் மாத்திரை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்). இப்போது திடீர்த் தாக்குதல்கள் இல்லை. நடை மட்டும் மெல்ல மெல்லத் தளர்கிறது. இந்த நிலைக்கென நடந்த டோலிபுருட்டினிப் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானதைப் படித்ததிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் அதுதான். இயலாமை கூடும் அபாயம் சுமார் 31 சதவீதம் குறைந்ததாம். கூடுவது குறைந்தது என்றுதான் இருக்கிறது, இழந்த நடை திரும்பியது என்று இல்லை. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது.

ஆய்வில் பங்கேற்றவர்களே, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்தார்கள்? வேறு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்களா? மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிசய மூலிகை விளம்பரங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.