உளவளத்துணை நிலையத்தின் எழுத்து வேலைக்கு ஏஐ: எதைக் கொடுக்கலாம்?

நீலக்கோப்பு:
வணக்கம். வெள்ளவத்தையில் சிறிய நிலையம்: உளவளத்துணையாளர்கள் (கவுன்சலர்கள்) இருவர், பகுதிநேர வரவேற்பாளர் ஒருவர். கிழமைக்கு 30 அமர்வு வரை. அமர்வுக் குறிப்பு, நேரம் குறித்தல், வட்ஸ்அப் நினைவூட்டல், பாடசாலைகளுக்கும் காப்புறுதிக்கும் கடிதம், பற்றுச்சீட்டு எல்லாம் சேர்ந்து மாலை நேரத்தை விழுங்குகின்றன. பெயரை எடுத்துவிட்டு சாட்ஜிபிடியில் போட்டால் போதும் என்கிறார்கள், உண்மையா? அமர்வையே ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கினால் நம்முடைய பேச்சுத் தமிழுக்குச் சரிவருமா? இருப்பது 16 ஜிபி ரம் உள்ள மடிக்கணினி, கிராபிக்ஸ் காட் இல்லை. லண்டன், டொராண்டோவிலிருந்து சூம் வழியாக வருபவர்களும் உண்டு.

தரவுக்காவல்:
பெயரை எடுப்பது போதாது. முதலில் அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். 12 இலக்க அட்டையில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1994541 என்று தொடங்கினால் 1994 பெப்ரவரி 10 பிறந்த பெண். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும்.

இலக்கமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். "பம்பலப்பிட்டிப் பாடசாலை, ஏ/எல் மாணவி, தகப்பன் கனடாவில், தாய் வங்கியில்" என்ற ஒரு வரி மிச்சமிருந்தாலே கொழும்புத் தமிழ்ச் சூழலில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் சிறுவர் பற்றிய தரவையும் விசேட வகையில் வைக்கிறது. கருவி யாருடையதாக இருந்தாலும் பொறுப்பு நிலையத்துடையது. வெளிநாட்டு நிறுவனங்கள் விளம்பரத்தில் போடும் "ஹிப்பா" என்பது மருத்துவத் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம். அது ஒழுங்கான நிறுவனம் என்பதற்கு ஓர் அறிகுறியாக இருக்கலாம், இங்குள்ள கடமையைத் தீர்க்காது.

கடிதங்களுக்கு வழி சுலபம். ஆளைப் பற்றி ஒன்றுமே கொடுக்காமல் வார்ப்புருவை மட்டும் ஏஐயிடம் கேளுங்கள்: "பாடசாலை அதிபருக்கு, மாணவர் இந்தத் திகதியில் சந்திப்புக்கு வந்தார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் கடிதம். காரணம், நோய் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. பெயர், திகதி, வகுப்பு வரும் இடங்களைச் சதுர அடைப்பில் விடவும்." தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றிலும் வாங்கி, அந்தந்த மொழி தெரிந்தவர் ஒருமுறை திருத்தினால் முடிந்தது. பிறகு எக்செல் பட்டியலை வேர்டின் மெயில் மேர்ஜோடு (பட்டியலிலுள்ள விவரங்களைக் கடிதத்தில் தானாக நிரப்பும் வசதி) இணைத்து உங்கள் கணினியிலேயே நிரப்புங்கள். பற்றுச்சீட்டும் அப்படியே. அந்த "ஒரு சொல்லும் வரக்கூடாது" என்ற வரியை விட்டால், "மன அழுத்தம் காரணமாக" என்று ஏஐ தானாகச் சேர்த்துவிடும். அதிபரின் மேசைக்கு அது போகவே கூடாது.

ஒலிவடி:
குறிப்புப் பகுதிக்கு நான் வருகிறேன். அமர்வைப் பதிவுசெய்ய வேண்டாம். 50 நிமிட ஒலிக்கோப்பு என்பது நீங்கள் காவல் காக்கவேண்டிய பெரும் சுமை. பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் துணைநாடி (உளவளத்துணைக்கு வருபவர்) வாயைத் திறப்பதும் குறையும். அமர்வு முடிந்ததும் நீங்களே 2, 3 நிமிடம் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.

எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருள் போதும். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்டது, இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடும். தமிழுக்கு அதன் சிறிய மாடல்கள் பிழை மலிந்தவை, லார்ஜ்-வி3 என்ற பெரிய மாடலை எடுங்கள். காட் இல்லாத கணினியில் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் 3 நிமிடத் துண்டுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. கவனிக்கவேண்டியவை:

மொழியைத் தமிழ் என்று கையால் குறியுங்கள். விட்டால் முதல் 30 வினாடியைக் கேட்டு அதுவே தீர்மானிக்கும். "கிளையன்ட் இன்டைக்கு கொஞ்சம் ஆங்ஷியஸா இருந்தா" என்று தொடங்கினால் ஆங்கிலம் என்று எடுத்து முழுவதையும் குழப்பிவிடலாம். குறிப்பு சொல்லும்போது மட்டுமாவது ஒரே மொழியில், எழுத்துத் தமிழுக்குக் கிட்டப் பேசுங்கள். யோசித்துக்கொண்டு மௌனமாக இருந்தால் அந்த இடத்தில் சொல்லாத வசனம் முளைக்கும், யூடியூப் முடிவில் வருவதுபோல "பார்த்தமைக்கு நன்றி" என்றுகூட. மௌனத்தை வெட்டும் வடிகட்டியை இயக்கிவிடுங்கள்.

வந்த எழுத்தை ஒழுங்குபடுத்த, ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஓலாமா என்ற மென்பொருளில், கூகுளின் ஜெம்மா 3 இன் 4பி (400 கோடி அளவுரு) மாடல் உங்கள் ரம்முக்குப் பொருந்தும். 12பி ஓடும், இழுபடும். சூழல் நீளத்தை (மாடல் ஒரே தடவையில் கவனத்தில் வைக்கும் அளவு) 8192 டோக்கன் ஆக உயர்த்துங்கள், ஏனென்றால் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) தின்னும். நிரம்பினால் எச்சரிக்கை எதுவும் வராது, முற்பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அமைப்பு) 0. கட்டளை இப்படி இருக்கட்டும்: "கீழுள்ளதைத் தரவு, மதிப்பீடு, திட்டம் என்ற மூன்று தலைப்பில் பிரி. நான் சொல்லாததைச் சேர்க்காதே. ஒரு தலைப்புக்குத் தகவல் இல்லையென்றால் 'சொல்லப்படவில்லை' என்று எழுது."

கடைசி வசனம் முக்கியம். அது இல்லாவிட்டால் "கண் தொடர்பு நன்று, நேரம் இடம் பற்றிய தெளிவு இருந்தது" என்று வெற்றிடத்தை அழகாக நிரப்பிவைக்கும். நாளை நீதிமன்றம் கோப்பைக் கேட்டால் அது உங்கள் சாட்சியம். தற்கொலை எண்ணம், வன்முறை, மருந்து பற்றிய வரிகளை ஏஐ தொடவே கூடாது, கையால் தட்டச்சு செய்யுங்கள். "எண்ணம் இல்லை" என்பதில் "இல்லை" விழுந்துபோனால் பொருள் தலைகீழ். குறிப்பைச் சரிபார்த்து ஒப்பமிட்டதும் ஒலிக்கோப்பை அழியுங்கள்; மீள்சுழற்சித் தொட்டியையும், கைத்தொலைபேசியிலிருந்து தானாக மேகத்துக்கு ஏறிய பிரதியையும் சேர்த்து.

நாட்காட்டி06:
நேரம் குறிப்பதற்கு ஏஐ தேவையில்லை. கூகுள் காலண்டரில் நிலையத்தின் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்து, வெளிநாட்டவருக்கு அழைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின். டொராண்டோ ஒன்பதரை, பத்தரை. இரண்டு நாடும் மணிக்கூட்டை வெவ்வேறு ஞாயிறுகளில் மாற்றுகின்றன (கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரித்தானியா மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளும்). இந்த இடைக்கிழமைகளில்தான் சந்திப்புகள் தவறும். ஏஐயிடம் கணக்குக் கேட்டால் அங்கேயே வழுக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களையும் அதனிடம் கேட்காதீர்கள், அரச விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஆண்டுத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

நினைவூட்டலுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸின் விரைவுப் பதில் (முன்பே எழுதிவைத்த வாசகம்) போதும், 50 வரை சேமிக்கலாம். வாசகத்தில் கவனம்: "உங்கள் மனநலப் பயணத்தில் அடுத்த அமர்வு" என்ற மாதிரி ஏஐ எழுதித் தரும். பூட்டிய திரையில் மாமியார் வாசித்தால் என்ன ஆகும்? "வியாழன் 5.30 சந்திப்பு உறுதியா? ஆம் / மாற்றவேண்டும்" போதும். நிலையத்தின் காட்சிப் பெயரும் வட்ஸ்அப்பில் தெரியும், அதையும் பாருங்கள்.

நீலக்கோப்பு:
மிக்க நன்றி. ஒன்று மட்டும்: இரவில் வரும் செய்திகளுக்கு ஏஐ பொட் (தானாகப் பதில் எழுதும் நிரல்) வைக்கலாமா? வரவேற்பாளர் 6 மணிக்குப் போய்விடுவார்.

தரவுக்காவல்:
வைக்காதீர்கள். இரவு 11 மணிக்கு எழுதுபவர் நேரம் மாற்றத்தான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொட் அதைப் பிரித்தறியத் தவறினால் இழப்பைத் திருத்த வழியில்லை. மாறாத வாசகம் கொண்ட தன்னியக்கச் செய்தி போடுங்கள்: "இப்போது நிலையம் மூடியுள்ளது. காலை 9 மணிக்குப் பதில் தருவோம். உடனே ஒருவரோடு பேசவேண்டுமென்றால் 1926 ஐ அழையுங்கள்." அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். மூன்று மொழியிலும் போடுங்கள். வெளிநாட்டவருக்கு அது உதவாது. அவர்கள் ஊரின் அவசர இலக்கத்தை முதல் அமர்விலேயே கேட்டுக் கோப்பில் எழுதிவையுங்கள்.

சம்மதப் படிவத்திலும் ஒரு வரி சேருங்கள்: "உளவளத்துணையாளர் அமர்வுக்குப் பின் தானே சொல்லும் குறிப்பு, நிலையத்தின் கணினியிலுள்ள மென்பொருளால் எழுத்தாக்கப்படும்; அமர்வு பதிவுசெய்யப்படாது." பக்கத்தில் "வேண்டாம்" என்று குறிக்க ஒரு கட்டமும் வேண்டும். குறித்தவரின் குறிப்பைக் கையால் எழுதுங்கள்.