புதுப்பிப்பு: ஆண்டு அச்சிடாத ஜூல்ஸ் வெர்ன் பதிப்பு

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் 'மர்மத் தீவு' நாவல், பாரிஸ் பதிப்பாளர் எட்செல் வெளியிட்டது, தலைப்புப் பக்கத்தில் ஆண்டே இல்லை; அது எந்தக் காலத்தது, வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்!

கடைசிப் பக்கங்களைப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு முதல் நன்றி. எட்செல் அந்தக் காலத்தில் இந்தப் படப் புத்தகங்களைப் புத்தாண்டுப் பரிசுக்காக வருடக் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவருவார். கடைசியில் நிறுவனத்தின் நூல் விலைப்பட்டியலையும் சேர்த்துத் தைப்பது அப்போது வழக்கம். அதில் புதுவரவாகக் காட்டியிருக்கும் நாவல் எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்தால் போதும், நம் பிரதியின் காலம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். கதை முதலில் நூலானது 1874-75இல். என் பிரதி அதற்குப் பல வருடம் பிந்தியது. அதனால் என்ன, எனக்கு அட்டைதான் முக்கியம்.

அந்த அட்டையைச் சொல்லியே ஆகவேண்டும். சிவப்புத் துணி, அதில் கறுப்பும் பொன்னும் அழுத்திய இரண்டு யானைகள். மூன்று பக்க விளிம்பிலும் பொன்பூச்சு. சாய்த்துப் பிடித்தால் யானையின் காது மடிப்புக்கூடத் தனியாகத் தெரிகிறது. முதுகுப்பக்கம் மட்டும் வெயில்பட்டு வெளுத்திருக்கிறது. சாயம் பூசித் திருத்தியதைவிட இந்த வெளுப்பே மேல் என்பது என் கட்சி.

அப்புறம், இந்த மாதிரி அட்டையைத் துடைக்க ஈரத் துணி மட்டும் வேண்டாம். சாயமும் பொன்னும் சேர்ந்தே போய்விடும். மென்மையான தூரிகை போதும். அடுத்து, பொன்னிறத்தில் பூமி உருண்டை போட்ட எட்செல் அட்டையைத் தேடுகிறேன். எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.