சாக் என்பதற்கு ஒரு சொல் போதாது

நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலில் chalk என்ற ஆங்கிலச் சொல், அதாவது சாக், வரும் இடமெல்லாம் 'சுண்ணக்கட்டி' என்று போட்டுவிடலாம் என்று வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நேற்று இரண்டு வேறு பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு சாக்பீஸ் எடுத்து, தட்டில் வைத்து, இரண்டின் மேலும் சில சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தேன். ஒன்று உடனே பொங்கியது, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய சீறல்கூடக் கேட்டது, கொஞ்ச நேரத்தில் சொட்டு விழுந்த இடம் சிறு குழியாக அரித்திருந்தது. இன்னொன்று வினிகரை உறிஞ்சிக்கொண்டு நிறம் மங்கியதோடு சரி. பொங்கியது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், குமிழி அதுதான். பொங்காதது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட். பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றி இறுகவிட்டால் கிடைப்பது. இதில் சுண்ணாம்பு எங்கே இருக்கிறது? இதைச் சுண்ணக்கட்டி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த பாடத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமிலம் விட்டால் பொங்கும் என்று எழுதினால், செய்து பார்க்கிற பிள்ளை எதை நம்பும்?

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. கரும்பலகையில் எழுதுவது, ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கை வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்வது, தையல்காரர் துணியில் கோடு போடுவது, ஒரு வகை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வீரர்கள் பூசுவது மக்னீசியம் கார்பனேட், அதில் கால்சியமே கிடையாது. தையல்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் டால்க்கோ களிமண்ணோ மெழுகோ. ஒரு மொழியில் பழக்கத்தால் சேர்ந்துவிட்ட குழப்பத்தை நாம் எதற்கு அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும்? எழுதுவதை எழுதுகட்டி என்போம், எந்த வேதிப்பொருளால் செய்தாலும் அந்தப் பெயர் பொய்யாகாது. கையில் பூசுவது பிடிப்பொடி. துணியில் குறி வைப்பது குறிகட்டி. சொல் வேலையைச் சொல்கிறது, பொருளைப் பற்றித் தவறாக எதையும் சொல்வதில்லை. சாக் என்றே எழுதலாமே என்பவர்கள் அதற்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பார்க்கட்டும். 'சாக்கை எடு' என்றால் கோணிப்பையைத்தான் எடுத்து வருவார்கள்.

சரி, பாறைக்கு வருவோம். எனக்கு அக்கறை அதிகம் இங்கேதான். அந்த வெள்ளைப் பாறை கோக்கோலித்தோஃபோர் என்கிற ஒற்றைச் செல் கடல் பாசிகளின் உடம்பைப் போர்த்தியிருந்த நுண்தகடுகளால் ஆனது. ஒரு தகடு சில மைக்ரோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். பாசி இறந்ததும் தகடுகள் கடலடியில் சேறாகப் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அழுந்திப் பாறையாயின. இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் செங்குத்தாக நிற்கும் வெண்பாறைகள் இப்படி வந்தவைதான். கிரெட்டேசியஸ் என்ற நிலவியல் காலத்தின் பெயரே இந்தப் பாறைக்கான லத்தீன் சொல்லான கிரேட்டா என்பதிலிருந்து வந்தது. அதனால் நாம் இங்கே வைக்கும் சொல் நிலவியல் காலப் பெயர் வரைக்கும் போகக்கூடும். வெறுமனே 'சுண்ணாம்புக் காலம்' என்று வைத்தால் தவறாகிவிடும், ஏனென்றால் சுண்ணாம்புக்கல் பல காலங்களில் உருவாகியிருக்கிறது.

வந்த சொற்களைப் பார்க்கிறேன். சீமைச்சுண்ணாம்பு என்ற பழைய சொல் இருக்கிறது, ஆனால் சீமையெண்ணெய் போல அது எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்கிறது, என்ன பொருள் என்று சொல்வதில்லை. மாக்கல் நல்ல சொல், தொட்டால் மாவு ஒட்டும் கல்லுக்குப் பொருத்தமானதும்கூட, ஆனால் அது ஏற்கெனவே வேறொரு மென்மையான கல்லுக்குப் பெயராகிவிட்டது, அதைப் பிடுங்கக் கூடாது. வெண்சுண்ணக்கல்? வெண்மையை மட்டும் வைத்து இதை அடையாளம் காண முடியாது, பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், அதிலும் வெள்ளை உண்டு. கையில் எடுத்தவருக்கு முதலில் தெரிவது அதன் மென்மை: நகம் பட்டால் கீறும், விரலில் வெள்ளையாக ஒட்டும். அதனால் என் பரிந்துரை மென்சுண்ணக்கல். மென்மையான சுண்ணாம்புக்கல் வேறும் உண்டே என்று கேட்கலாம். ஊற்றோரத்தில் படிகிற, துளை நிறைந்த கல் அப்படித்தான். அதற்குத் துளைச்சுண்ணக்கல் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், சுண்ணம் என்ற சொல்லுக்கே பழைய இலக்கியத்தில் பொடி என்றுதான் பொருள், பெரும்பாலும் மணப்பொடி. பொடியாக உதிரும் கல்லுக்கு அந்தச் சொல் தானாகவே வந்து உட்காருகிறது.

இன்னொரு வேண்டுகோள். சுண்ணாம்பு என்று மொட்டையாக எழுதாதீர்கள், அது மூன்று பொருளுக்குப் பொதுவாகிவிட்டது. 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் முழுதாகச் சுட்டால், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், 56 கிராம் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து உதிர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும், அது நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகும். சுடு, நீற்று என்று இரண்டு வினைகளை வைத்தே ஒரு முழுச் சுழற்சியைப் பெயரிலேயே சொல்லிவிட்ட மொழி இது, அந்த அடைமொழிகளை நாமே உதிர்த்துவிடலாமா?

கெட்டிலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கையும் பட்டியலில் சேருங்கள். எல்லோரும் 'உப்பு படிந்திருக்கிறது' என்கிறோம், ஆனால் சாப்பாட்டு உப்பென்றால் தண்ணீர் ஊற்றியதும் கரைந்திருக்குமே. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வினிகர் ஊற்றினால் இதுவும் பொங்கிய அந்தச் சாக்பீஸ் மாதிரிதான் பொங்கும். சுண்ணப்பொருக்கு என்று எழுதினால் எதை ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதுகூடப் பெயரிலிருந்தே புரிந்துவிடும்.

கால்சைட், அரகோனைட் இரண்டையும் அப்படியே ஒலிபெயர்த்து வைக்கலாம். முட்டை ஓட்டில் இருப்பது முன்னது, முத்தில் இருப்பது பெரும்பாலும் பின்னது, இரண்டும் கால்சியம் கார்பனேட் என்ற ஒரே பொருளின் இரண்டு படிக அமைப்புகள். அவசரமாக மொழிபெயர்த்தால் அந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

மென்சுண்ணக்கல் பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். கூடவே அந்தச் சொல் பளிங்கையும் துளைச்சுண்ணக்கல்லையும் எப்படி விலக்குகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.