புதுப்பிப்பு: பிரசவக் கிழிசல், ஸ்கேன் முடிவு வந்துவிட்டது

பிரசவத்துக்குப் பிறகு வாயுவையும் மலத்தையும் அடக்க முடியவில்லை, கேட்டால் "சாதாரணத் தையல்தான், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள் என முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று. ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத்தசையே கிழிந்திருக்கிறது, அதாவது மூன்றாம் நிலைக் கிழிசல், ஆனால் பிரசவக் குறிப்பில் இரண்டாம் நிலை, அதாவது அந்தத் தசை வரை போகாத கிழிசல் என்றுதான் இருக்கிறது!

வக்கீலிடம் பேசினேன். கிழிசல் யாருக்கும் வரலாம், அது மட்டுமே அலட்சியம் ஆகாதாம். தையல் போடுமுன் ஆசனவாய்க்குள் விரல்விட்டுப் பரிசோதித்தார்களா, அதை எழுதிவைத்தார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும் என்கிறார். என் குறிப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. ஆத்திரம் அடங்கவில்லை எனக்கு.

இதே நிலையில் இருப்பவர்கள் மருத்துவப் பதிவுகளை முழுதாக எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள், வழக்குப் போடக் காலவரம்பு உண்டு. இடுப்பின் அடித்தசைகளை வலுவாக்கும் இடுப்புத்தளப் பயிற்சி தொடங்கிவிட்டேன், அறுவை சிகிச்சை தேவையா என்பதை அப்புறம் முடிவு செய்வார்கள்.